ஒரு ராத்திரி படுத்துப் பார்த்த வேன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கெஞ்சப்போவதில்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. வலது முழங்கையில் பதினோரு தையல் இருக்கிறது.

நாற்பத்திரண்டு வயதில், மூன்று மாத விடுப்பில், தனியாக ஊர் சுற்றப் புறப்பட்டேன். "தனியாவா?" என்று கேட்காத வாய் எங்கள் வீட்டில் இல்லை. படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற பழைய வேன் ஒன்றைத் தேடினேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரையைத் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் தகரம் நல்லது. பொத்தென்றால் துரு. பன்னிரண்டு வேன்கள் எங்காவது ஓரிடத்தில் பொத்தென்றன. பதின்மூன்றாவது மட்டும் முழுக்கக் கணீரென்றது.

பட்டறை வைத்திருக்கும் என் தம்பி ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரன். "பகல்ல எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்க்கா. ஒரு ராத்திரி உள்ள படுத்துப் பாரு. ஒழுகல், சத்தம் எல்லாம் தெரிஞ்சுடும்."

விற்கிறவரிடம் கேட்டேன். "படுத்துப் பாக்க இது என்ன கட்டிலா?" என்று எரிந்து விழுந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார். அவருடைய கொட்டகைக்குப் பின்னால், வெட்டவெளியில் வேன் நின்றது.

10.40. கதவைத் தாழிட்டுப் படுத்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. காலையில் வாங்கிவிடலாம் என்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

12.15. துணி கிழிகிற சத்தம். சர்ர்ர்... கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் சர்ர்ர்... வெளியே தார்ப்பாய் காற்றில் கிழிகிறது என்று புரண்டு படுத்தேன்.

1.50. வியர்வையில் நனைந்து விழித்தேன். மழைச் சத்தம் இல்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது...

2.05. டொக்... டொக்... படுக்கைப் பலகைக்கு அடியில் யாரோ தட்டினார்கள். கால்மாட்டிலிருந்து தலைமாட்டை நோக்கி. நிதானமாக.

அப்புறம் சத்தம் பலகைக்கு மேலே வந்தது.

என் முழங்காலில் தட்டியது. வயிற்றில் தட்டியது.

நெஞ்சில்... பொத்.

புஸ்ஸ்ஸ்... அடுப்புப் பக்கம். கேஸ் வாடை.

கதவுக்குப் பாய்ந்தேன். தாழ்ப்பாளைப் பிடித்தேன். என் விரல்கள்மேல் வேறு விரல்கள்... அழுத்தின.

ஈரமான விரல்கள்.

மூச்சு முட்டியது.

முழங்கையால் கண்ணாடியை இடித்தேன். ஒன்று... இரண்டு...

மூன்றாவதில் உடைந்தது.

மணி 2.11.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தம்பி வந்தான். வேனைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"வேன்ல சிலிண்டரே இல்லக்கா. குழாயக்கூட எப்பவோ கழட்டிட்டாங்க."

"வாடை வந்துதுடா."

"கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு, காத்து வர்ற ஓட்டை... ஒண்ணு விடாம துணி திணிச்சிருந்துது. உள்பக்கமா. உன் பையில இருந்த துணிதான், கிழிச்சு." கட்டுப் போட்ட என் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்கு என்னக்கா குறை? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நானே செய்துகொண்டேன் என்று நினைக்கிறான். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சரி சரி என்றான். பைத்தியத்திடம் சொல்வதுபோல் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் விற்க வந்தவருக்கே போன் செய்து, அந்த வேனில் என்ன இருக்கிறது என்று கத்தினேன். அவர் மறுக்கவில்லை.

"முன்னாடி வெச்சிருந்த அம்மாவும் தனியா ஊர் சுத்தக் கெளம்பினவங்கதான். அவங்க செத்தப்பவும் துணி, இடுக்கு, எல்லாம் இதே மாதிரி. அவங்களே பண்ணிக்கிட்டாங்கன்னு போலீஸ்ல எழுதி முடிச்சுட்டாங்க." போனை வைக்கப்போனவர் மறுபடி பேசினார். "அவங்க அண்ணன் இன்னும் எனக்குப் போன் பண்ணி அழுவாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு."