வலது பாதம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என் கணவர் ஓய்வு பெற்ற ஆண்டில், மலேசியாவின் கிள்ளானிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் பிரான்சுக்குப் போனோம். வாடகைக் கார் ஒன்றில் மலைக் கிராமங்களைச் சுற்றினோம். அவர் ஓட்டினார், நான் வரைபடத்தை மடியில் விரித்து வழி சொன்னேன். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நினைவூட்டுவதுதான் என் ஒரே கவலை.

மூன்றாம் நாள், மலையுச்சியில் கோட்டைச் சுவர் சூழ்ந்த ஓர் ஊர். அங்கிருந்த பழைய தேவாலயத்தின் வாசலில் அவர் குனிந்து காலணிகளைக் கழற்றினார்.

"ஏங்க, எல்லாரும் சூவோடதான் போறாங்க."

"போகட்டும் லா. சாமி இருக்கிற எடத்துக்கு நான் சூ போட்டுப் போனதில்ல."

காலுறைகளையும் கழற்றினார். நானும் அப்படியே செய்தேன். கல்லின் குளிர் என் முழங்கால் வரை ஏறியது. அவரோ நம் ஊர்க் கோயிலைச் சுற்றுவதுபோல் நிதானமாக முன்னே நடந்தார். பக்தி என்று எண்ணி மனம் நெகிழ்ந்தேன்.

வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வழியே வெயில் தரையில் நீலமும் சிவப்புமாக விழுந்திருந்தது. அவர் போன வழியிலும் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. வெளிச்சம் என்றே நினைத்தேன். வெயில் எட்டாத தூணோரத்திலும் அவை தொடர்ந்தபோதுதான் குனிந்து தொட்டேன். விரல் ஈரமானது.

ஓடிப்போய் அவரை நாற்காலியில் உட்கார்த்தினேன். வலது உள்ளங்காலில், உடைந்த மெழுகுவத்திக் கிண்ணத்தின் கண்ணாடிச் சில்லு ஒன்று ஆழமாகப் புதைந்திருந்தது.

"வலிக்கலையா?"

அவர் தம் பாதத்தை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். பல ஆண்டுகளாக அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் உண்டு. கால் மரத்துப்போனதை மட்டும் என்னிடம் சொல்லவே இல்லை.

"எப்பலேர்ந்து?"

"போன தீவாளிலேர்ந்து. சொன்னா நீ ட்ரிப்ப கேன்சல் பண்ணிருப்ப."

அங்கே மெழுகுவத்தி விற்ற பெண்மணி ஒருவர் சில்லைப் பிடுங்கிக் கட்டுப் போட்டார். மருத்துவமனை அடிவாரத்து ஊரில் இருப்பதாகச் சைகையில் காட்டினார். நான் கார்ச் சாவிக்குக் கை நீட்டினேன்.

"நீயா? காய் வாங்க மேரு பாசாருக்கே செகண்ட் கியர்ல போறவ."

"செகண்ட் கியர்லயே போவோம். குடுங்க."

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் ஆகாயம். எனக்குப் பின்னால் கார்கள் வரிசை கட்டின. நாலாவது வளைவில் அவர் மெல்லச் சொன்னார்:

"பிரேக் எங்க இருக்குன்னு கால்ல தெரியாது. குனிஞ்சு பாத்துட்டுத்தான் மிதிப்பேன்."

மூன்று நாளும் அத்தனை வளைவுகளிலும் அவர் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். காரை ஓரங்கட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தபடி கடந்துபோனார்கள். கடைசி வண்டியும் போன பிறகு, செகண்ட் கியரிலேயே காரை மறுபடி எடுத்தேன்.