பங்களாவுக்கு ஒரு சொல், மதினிக்கு ஒரு சொல்

ஸ்பிரிங்வெளி பாதை வளைவில் அந்த ஹோட்டல் போர்ட் இன்னும் நிற்கிறது. அதில் ஒரு பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவின் படம். மறுபக்கம் பித்தளைத் தட்டோடு என் மதினி. இரண்டு படத்தின் கீழும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல். பங்களாவை ஹோட்டலாக்கியபோது, கொழுந்து பறித்து ஓய்ந்திருந்த மதினியை, நல்ல உயரம் என்று, வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்க வாசலில் நிறுத்தினார்கள். அண்ணன் போன பிறகு மதினிக்கு அந்த வேலைதான் கதி.

போர்ட் வந்த அன்றே எனக்கு மனது சரியில்லை. வீட்டுக்கு ஒரு சொல், மனுஷிக்கு வேறு சொல் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரான தபால் மாஸ்டரைக் கூட்டிவந்து காட்டினோம். "ரெண்டும் கம்பீரத்தைத்தான் சொல்லுது. ஆனா ஒண்டில்லை. பங்களாவுக்குப் போட்டது ஸ்டேட்லி. பெரிய மாளிகையளுக்கும், ஆறுதலா, மதிப்பா நடந்து வாறதுக்கும் சொல்லுவினம். அக்காவுக்குப் போட்டது ஸ்டாச்சுவெஸ்க். உயரமா, சிலை மாதிரி வடிவா நிக்கிறவை எண்டு அர்த்தம்" என்றார்.

மதினியின் முகம் செத்துப்போனது. கொழுந்து மலையில் வேலை வாங்கும் கங்காணி வாயிலிருந்து வரும் பெரிய ஏச்சு அதுதான்: "என்னாடி, சிலை மாதிரி நிக்கிற?" அந்த ஏச்சு வாங்கியவளுக்கு அன்றைக்கு அரைநாள் சம்பளம்தான். "பாத்தீங்களா தம்பி, சும்மா நிக்கிறேன்னு ஊருக்கே எழுதி வச்சிட்டானுங்க. அடுத்தது சீட்டக் கிழிக்கிறதுதான்" என்றார். மறுநாளிலிருந்து மதினி நிற்கவே இல்லை. தட்டை வைத்துவிட்டுத் தூணைத் துடைப்பார், படியைக் கூட்டுவார், படமெடுக்க வந்த வெள்ளைக்காரரைக் கண்டால் உள்ளே ஓடுவார். மேனேஜர் கூப்பிட்டு, "அம்மா, நீங்க நிக்கிறதுக்குத்தான் சம்பளம்" என்று சிரித்தாராம். மதினி நம்பவில்லை. நானும்தான். "நிக்கிறதுக்குச் சம்பளமா? எந்தத் தொர குடுத்திருக்கான்?" என்றார் மதினி.

தோட்டத்துத் திருவிழாவில்தான் எனக்குப் பிடிபட்டது. கருவறையில் அசையாமல் நின்ற மாரியாத்தாளைக் கும்பிட்டு வெளியே வந்தேன். சற்று நேரத்தில் அவளே தேரேறி, லயத்து வீட்டு வாசல்களைத் தாண்டி மெல்ல மெல்ல வந்தாள். ஆத்தா ஒருத்திதான், நின்றால் ஒரு கம்பீரம், வந்தால் ஒரு கம்பீரம். "மதினி, ஒங்களுக்குப் போட்டது உள்ள நிக்கிற ஆத்தாளுக்குள்ளது. ஏச்சு இல்ல" என்றேன். "அப்ப எனக்கும் ஒரு தேரு கேளுங்க, ஏறி வர்றேன்" என்று இடித்தார். ஆனால் மறுநாள் வாசலில் நின்றார், நிமிர்ந்து.

போன வருஷம் அந்த வளைவு வழியாகத்தான் பூப்பாடையில் மெல்ல வந்தார். பதுளை பஸ்கூட ஓரங்கட்டி நின்றது. ஹோட்டல்காரர்கள் மாலை போட்டார்கள். படத்தை மட்டும் கழற்றவில்லை. ஆத்தா அவர்களை நல்லா வைக்கட்டும். ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நிற்பதற்குத்தான் சம்பளம் என்றார்களே, மதினி இன்னும் அந்த போர்ட்டில் நின்றுகொண்டுதான் இருக்கிறார், சம்பளம் எங்கே?