நோயாளிக்கு மட்டும் சொல்லாமல் ஒரு மருந்தாய்வுப் பயணம்

இந்த வலைப்பதிவில் அருவி, அரண்மனை, கடற்கரை என்றுதான் எழுதிவந்திருக்கிறேன். இது வேறு பயணம். என் அக்கா செல்வராணியை இராஜாக்கமங்கலத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு, ஒரு புற்றுநோய் மருந்தாய்வில் சேர்க்க அழைத்துப்போன பயணம். போன ஐப்பசியில் நடந்தது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பீடி வாடை பட்டாலே மூக்கைப் பொத்துகிறவள். அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய். நாகர்கோவிலில் பரிசோதித்த மருத்துவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அத்தானை மட்டும் உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாராம். சீக்கு அவளுக்கு, செய்தி புருஷனுக்கு! சதைத் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பியதில், மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகை என்று தெரிந்திருக்கிறது. அந்த மாத்திரையோடு இன்னொரு புது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் இன்னும் நெடுநாள் அடங்கியிருக்குமா என்று திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வு நடக்கிறது, முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்றிருக்கிறார். இடம் கிடைக்காவிட்டால் தொடங்கிக்கொள்ளச் சொல்லி மாத்திரைக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அத்தான் அக்காவிடம், நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். மற்ற எல்லோரிடமும் உண்மையைச் சொல்லி, அவள் காதில் போட்டுவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் பாசம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீடு, மீன் கொண்டுவரும் பெண் வரை எல்லோருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தாயிற்று. கோவையிலிருந்து போய் இறங்கிய எனக்கும் அதே பாடம்.

"அவகிட்ட சொல்லித்தான் ஆகணும் அத்தான்" என்றேன்.

"வேண்டாம் மக்கா. கேட்டாளோ, அந்தப் பயத்துலயே போயிருவா."

அவர் கண் கலங்கிவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு காரியத்தைக் கெடுப்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

காலை ஐந்தரைக்குக் காரில் கிளம்பினோம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாக ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாலை இருக்கிற இருப்புக்கு மூன்று மணி நேரம் வையுங்கள். ஒவ்வொரு குழிக்கும் அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டாள். போக வர வாடகை மூவாயிரத்து ஐந்நூறு.

பத்மநாபபுரம் திருப்பத்தில் டிரைவர் மணி திரும்பிப் பார்த்து, "நெஞ்சு நீருக்கு அங்க நல்ல டாக்டர்மாரு உண்டு அக்கா, பயப்படாதீங்கோ" என்றான். கேட்காமலே! அவனுக்கும் பாடம் போயிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்த்தாண்டத்தில் ஆப்பமும் கடலைக்கறியும். சாப்பிட்டதும் அக்கா பையிலிருந்து ஒரு வைட்டமின் டப்பாவை எடுத்து, மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

"ஒனக்க அத்தான் ஒரு வாரமா நேரம் தப்பாம எடுத்துத் தாராரு, கேட்டியா? கல்யாணம் ஆன நாள்லயே இந்தக் கவனிப்பு இல்ல" என்று சிரித்தாள். அத்தான் ஆப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வுப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். அக்காவைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். "உங்களுக்கு என்ன நோயின்னு சொல்லியிருக்காங்களா?"

"நெஞ்சில நீரு."

மருத்துவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் பதறி எழுந்து, "ஒப்பு எங்கன்னு காட்டுங்கோ மேடம், நான் போடுதேன்" என்றார்.

"நீங்க போட முடியாது. என்ன நோய், என்ன மருந்து, என்ன ஆபத்து, எல்லாம் கேட்டு இவங்கதான் போடணும். வேண்டாம்னு சொல்றதும் இவங்க இஷ்டம்தான்." பிறகு அக்காவிடம், "இப்ப என்ன மருந்து எடுக்கிறீங்க?"

அக்கா டப்பாவை நீட்டினாள். மருத்துவர் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி, அதன்மேல் பொறித்திருந்ததைப் படித்தார். முகம் மாறிவிட்டது. "இது வைட்டமின் இல்லையே. யாரு தந்தது?"

அத்தான் உடைந்து அழுதார். ஆய்வுக்கு நாள் கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று, சீட்டைக் காட்டி அந்தப் புற்றுநோய் மாத்திரையை வாங்கியிருக்கிறார். மாத்திரை அட்டையில் பெயர் இருந்தால் அக்கா படித்துவிடுவாள் என்று, ஒவ்வொன்றாகப் பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டிருக்கிறார். நாகர்கோவில் மருத்துவரிடம் கேட்கவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மூச்சு விட்டிருந்தால்கூட யாராவது தடுத்திருப்போம். அந்த ஆய்வில் சேர்கிறவர் அந்த நோய்க்கு ஒரு மாத்திரைகூட முன்னால் எடுத்திருக்கக் கூடாது. அக்காவுக்கு இருந்த இடம் அந்த நாற்காலியிலேயே போயிற்று.

மருத்துவர் அக்காவின் கையைத் தொட்டு, "உங்க நோயப் பத்தி நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்கோ மேடம். எனக்க சீக்குதானே."

எல்லாவற்றையும் சொன்னார். அக்கா அழவில்லை. இந்த மாத்திரையை விடாமல் சாப்பிடலாமா, படி ஏறலாமா, எத்தனை நாளைக்கு ஒருமுறை படம் எடுக்கணும் என்று வரிசையாகக் கேட்டாள். இந்த மாத்திரையும் நல்ல மாத்திரைதான், நிறுத்தாதீர்கள், நாகர்கோவிலிலேயே தொடரலாம் என்றார் மருத்துவர். பயத்திலேயே போய்விடுவாள் என்று சொன்னார்களே, அவளா இவள்?

இப்படிப் போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய அறிக்கைகளோடு, சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை மறுபடியும் சோதிக்கக் கேட்பார்கள். ஆய்வில் சேர்ந்தாலும் புது மருந்து யாருக்கு, பழையது மட்டும் யாருக்கு என்பது குலுக்கல்தான். குணமாகும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள், தந்தால் நம்பாதீர்கள். கேட்காமல் எந்த மருந்தையும் தொடங்காதீர்கள். இதற்கெல்லாம் முன்னால், நோயாளியிடம் சொல்லுங்கள். உங்களுக்குத் தைரியம் இல்லாததை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

திரும்பும்போது அக்கா அந்த டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள். நாகர்கோவில் தாண்டியதும் மணியிடம், "ஒனக்கும் தெரியுமாலே?" என்றாள். அவன் தலையை ஆட்டினான். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"போன ஞாயிறு கோயில்ல போதகர் ஜெபம் பண்ணினாரே, கொடிய வியாதியில கெடக்குத ஒரு சகோதரிக்காகன்னு. அது நானா?"

அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"சபை முழுக்க என்னயப் பாத்துக்கிட்டு நிக்க, யாரு பெத்த புள்ளையோன்னு நானும் கண்ணீர் விட்டு ஆமென் சொன்னேம்லா."

வீட்டு வாசலில் கார் நின்றது. அத்தான் கைத்தாங்கலாக இறக்கப் போனார். அக்கா அவர் கையை விலக்கிவிட்டுத் தானே இறங்கினாள்.

"போதகருக்கு இப்பமே போனப் போடுங்கோ. வார ஞாயிறு எனக்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணணும். சீக்கோட பேரையும் சேத்து."