அறுபதுக்குப் பழகிய மெஷின்

பண்டாரவளையில் என் சலூனுக்கு வருகிறவர்கள் முடி வெட்ட மட்டும் வருவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நாலு வார்த்தை போட்டுவிட்டுப் போனால்தான் அவர்களுக்கு வெட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் மெதுவாக வெட்டுகிறேன் என்பது என் மனைவியின் கட்சி. மறுக்க மாட்டேன்.

அவளுடைய தம்பி, என் மச்சான், கொரியாவில் வேலை முடித்துத் திரும்பியபோது எனக்கு முடி வெட்டும் மெஷின் ஒன்று கொண்டுவந்தான். நல்ல கனம். கையில் பிடித்தாலே ஒரு மரியாதை வரும். அடியில் 220 என்று போட்டிருந்தது. நம் ஊர் கரண்டுக்கு ஒத்துப்போகும் என்று தெம்பாகிவிட்டேன். பக்கத்தில் 60 என்றும் இருந்தது. அறுபது பல்பு என்கிறோமே, அந்த மாதிரி ஏதோ என்று விட்டுவிட்டேன். வந்த சந்தோஷத்தில் பழைய மெஷினைக் கொஸ்லந்தையில் சலூன் வைத்திருக்கும் சிநேகிதனுக்கு அனுப்பியும் வைத்தேன்.

ஓடவிட்டால், தகரப் பேணிக்குள் குளவி மாட்டிக்கொண்டது போல ஒரே சத்தம். வெட்டும், இடையிடையே முடியைக் கவ்வி இழுக்கவும் செய்யும். கொரியா மெஷின், அதன் சுபாவம் அப்படி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சலூனோடு மாவு மில்லும் சேர்த்துப் போட்டுவிட்டேனா என்று பெஞ்சில் ஒருவர் விசாரித்தார்.

அப்படி இருக்கையில் ஒரு மாலை, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையை அவருடைய தாய்மாமன் கூட்டிவந்தார். மறுநாள் காலையில் கல்யாணம். மாப்பிள்ளை போனில் ஒரு படத்தைக் காட்டினார். பக்கங்களை ஒட்ட எடுத்து, மேலே மட்டும் விட வேண்டும். இடப் பக்கம் அழகாக முடிந்தது. வலப் பக்கம் காதுக்கு மேலே போனதும் மெஷின் முடியைக் கவ்விக்கொண்டது. மாப்பிள்ளை கண்ணில் தண்ணீர். என் கையில் மெஷின் இஸ்திரிப் பெட்டி மாதிரிக் கொதித்தது. நிறுத்திவிட்டேன்.

கத்தரியால் சமாளிக்கலாம்தான். ஆனால் இடப் பக்கம் வந்த அந்த மட்டம் கத்தரிக்கு வராது. போட்டோவில் காட்டிக்கொடுத்துவிடும்.

தாய்மாமன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடிகளின் தலையை ஒரே மட்டமாகக் கழிக்கிற வேலை. எழுந்து வந்து மருமகன் தலையைச் சுற்றிப் பார்த்தார்.

"பாதி மலைக்குக் கவ்வாத்துப் போட்டு மீதியை மறந்த மாதிரியில்ல இருக்கு. இத எப்படிங்க நான் மணவறையில ஒக்கார வைப்பேன்?"

"பொண்ண இடது பக்கமா ஒக்கார வச்சிருங்க மாமா, தெரியாது," என்றார் பெஞ்சில் ஒருவர். கடையே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன். அவன் இப்போது அப்புத்தளையில் ஆட்டோ ஓட்டுகிறான். குளவி மாதிரிக் கத்துகிறது, நீயே கேள் என்று மெஷினைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அங்கே இப்படிக் கத்தவில்லையே என்றான். பிறகு, அடியில் 60 என்று இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, பல்புக் கணக்குத்தானே என்றேன். அவன் சிரித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"கரண்ட் துடிக்கிற கணக்கு மச்சான் அது. அங்க செக்கனுக்கு அறுவது, நம்ம ஊர்ல அம்பதுதான். அறுவதுக்குப் பழகினது இங்க தாளம் தப்பிப் போயி உள்ளுக்குள்ள முட்டுது. பக்கவாட்டுல ஒரு ஸ்க்ரூ இருக்கும், சத்தம் அடங்குற வரைக்கும் மெதுவா திருப்புங்க."

முதலில் சூடு ஆறட்டும் என்று மெஷினை ஜன்னல் கட்டையில் வைத்தோம். பண்டாரவளைக் குளிர் ஒரு நாளாவது எனக்கு உதவட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தேநீர் வந்தது, பாதித் தலையோடு மாப்பிள்ளையும் குடித்தார். ஆறியதும் ஓடவிட்டு, ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்பினேன். கடகடப்பு குறைந்தது. இன்னும் கொஞ்சம். சட்டென்று அடங்கி, மெல்லிய ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கொளவி தூங்கிருச்சு. எழுப்பாம வெட்டுங்க," என்றார் தாய்மாமன், ரகசியம் பேசுகிற குரலில்.

ஆனாலும் சூடு முழுக்கப் போகவில்லை. கொஞ்சம் வெட்டுவது, ஜன்னலில் ஆறப்போடுவது, மறுபடி வெட்டுவது. ஒரு காதை முடிப்பதற்குள் இன்னொரு சுற்றுத் தேநீரும் வந்து போனது. கடைசியில் தாய்மாமன் மருமகன் முகத்தை இரு கையாலும் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகுதான் துண்டை உதறச் சொன்னார்.

கல்யாணத்துக்கு நானும் போனேன். எல்லாரும் தாலி கட்டுவதைப் பார்த்தார்கள். நான் மாப்பிள்ளையின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே மட்டம். சாப்பாட்டுப் பந்தியில் பெண்ணின் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்கும் அதே மாதிரி வெட்டிவிட வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

எனக்குப் பதிலாக, எதிர் வரிசையிலிருந்து தாய்மாமன் சொன்னார்:

"ரெண்டு டீ ஆகும் தம்பி."