காது கேட்காமல் தள்ளுபடியான வழக்கு

ஓடுகிற என்ஜின்மேல் ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து, பிடியை இடது காதில் ஒட்டிக் கேட்பார் மெக்கானிக். எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கையில் கறை படாமலே சொல்லிவிடுவார். அந்தக் காதில்தான் சப்-இன்ஸ்பெக்டரின் அறை விழுந்தது; அன்றோடு அது கேட்பதை நிறுத்திவிட்டது. வரிசையில் நின்ற வண்டிகளைத் தாண்டி ஸ்டேஷன் ஜீப்பை முதலில் பழுதுபார்க்க முடியாது என்றதுதான் குற்றம்.

துறை விசாரணை 'லேசான தள்ளுமுள்ளு' என்று முடிந்துபோனது. அதனால் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டார். பணம் இரண்டாம்பட்சம். அடித்தவர் கூண்டேறிப் பதில் சொல்லவேண்டும். அதுதான் வேண்டும் அவருக்கு.

வாய்தா வாய்தாவாக வருஷங்கள் போயின. மனைவிக்குச் சலித்துவிட்டது. அவள் அண்ணன், "கோர்ட் வாசலே தேஞ்சுபோச்சு மாப்ள, அதுக்கும் ஒரு பேரிங் மாத்திடுங்க" என்பான்.

ஒருநாள் வராந்தா பெஞ்சில் கூட்டம். நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்ததில் இடது காது கதவுப் பக்கம் வந்துவிட்டது. வலது காதருகே இரண்டு பேர் சொத்துத் தகராறு பேசிக்கொண்டிருந்தார்கள். டவாலி வாசலில் வந்து மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டது இவருக்கு எட்டவில்லை. வக்கீலோ வேறு கோர்ட்டில். ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி.

காய்ச்சல் என்று மனு போட்டால் வழக்கைச் சுலபமாக மறுபடி திறந்துவிடுவார்கள் என்றார் வக்கீல். வாசலிலேயே இருந்ததை ஒப்புக்கொண்டால் அலட்சியம் என்பார்கள், வழக்கே போய்விடும்.

"காய்ச்சல்னு பொய் சொன்னா, காதும் பொய்னு ஆயிடும் சார். கேக்கலைன்னே போடுங்க."

மனு விசாரணைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று மனைவியும் வந்தாள். டவாலியின் குரல் தெருமுனைவரை கேட்கும், இது நடிப்பு என்றார் எதிர்வக்கீல். காது கேட்காதவர் ஏன் துணைக்கு ஆள் கூட்டி வரவில்லை என்று நீதிபதி கேட்டார். வக்கீல் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். மெக்கானிக் தலை குனிந்தார். வீட்டில் யாருக்கும் இந்த வழக்கு பிடிக்கவில்லை என்று அங்கே எப்படிச் சொல்வது?

"என்னைக் கூப்பிட்டாரு. நான்தான் வரல" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "இனிமே வர்றேங்கய்யா."

வழக்கு மறுபடி உயிர் பெற்றது. அடுத்த தேதியில் அவருக்கு இடப்பக்கம் அவள் உட்கார்ந்தாள். பெயர் கூப்பிட்டதும் முழங்கையால் இடித்தாள். சப்-இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்தில் இருப்பதாகச் சொன்னார்கள். வாய்தா.

படியிறங்கும்போது அவள் அவருடைய வலது பக்கம் வந்தாள்.

"எல்லாத் தடவையும் இப்படித்தானா?"

"பாதி தடவை."

இருவரும் கோர்ட் கேட்டைத் தாண்டினார்கள். பிறகு, அடுத்தது எப்போது என்று கேட்டாள்.