சிவப்புத் தரையில் ஈர எழுத்து

என் அத்தை டில்லியில் சீன வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய சீனக் கல்விப் பயணம் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதாகச் சென்ற மாதம் வந்த பாராட்டு மலரில் அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவளாயினும் இதை நான் மறுக்கிறேன். அது தொடங்கியது ஹைதராபாத்தில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் முன்னறையின் சிவப்புச் சிமெண்டுத் தரையில்.

அப்போது எனக்கு ஆறு வயது. அத்தை கல்லூரி முடித்திருந்தார். கோட்டிக் கடைத்தெருவின் பழைய புத்தகக் கடையொன்றில் அகப்பட்ட சீன மொழிப் பாடநூலை வைத்துக்கொண்டு தாமே பயின்றார். காகிதத்தை வீணாக்க மனமின்றி, ரயில்வே பட்டறையில் வேகன்களுக்கு எண் எழுதித் தேய்ந்த தூரிகையைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் எழுதுவார். எழுத்துகள் சற்று நேரம் கறுத்து மின்னும். பிறகு உலர்ந்து மறையும். அவை எங்கே போகின்றன என்று தரையில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

டில்லியில் மேற்படிப்புக்கு அவருக்கு இடம் கிடைத்த சமயத்தில் எல்லையில் சீனாவோடு சண்டை மூண்டது. ஒரு மாலை, காலனிச் சங்கச் செயலாளர் நாலைந்து பேரோடு வந்து வாசலில் நின்று, ஹைதராபாத் உருது கலந்த தமிழில் அத்தையிடம் பேசினார்.

“கைக்கு, எதுக்கு இந்த வம்பு? சீனன் எழுத்தெல்லாம் நக்கோம்மா, வேணாம். அந்தப் புஸ்தகத்தைக் குடு, இங்கேயே கொளுத்திடலாம். டில்லியும் வேணாம். இல்லேன்னா ஆபீசுக்கு எழுதிப் போடுவேன். உங்க அண்ணனுக்குக் குவார்ட்டர்ஸ் இருக்காது.”

“சண்டைக்கு வந்தவனைப் பத்திப் படிக்காம வேற யாரைப் பத்திப் படிக்கிறது, மாமா?” என்ற அத்தை, அவர்கள் கண்ணெதிரே தூரிகையை நனைத்துத் தரையில் ஒரு வரி எழுதினார். “புஸ்தகத்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல இதைக் கொளுத்துங்க.”

எழுத்து உலர்ந்தது. வந்தவர்களில் ஒருவர் சிரித்தே விட்டார். செயலாளர் முகம் சிவக்க, பட்டறையில் ஃபிட்டராயிருந்த என் அப்பாவிடம் திரும்பினார்.

“நீ சொல்லப்பா. தங்கச்சி படிப்பா, வீடா?”

அப்பா உள்ளே போனார். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அத்தையின் அருகில் வைத்துவிட்டு, தாமும் அந்தத் தரையிலேயே அமர்ந்துகொண்டார்.

செயலாளர் சொன்னபடியே எழுதிப் போட்டார். பொங்கலுக்கு முன்பே வீட்டைக் காலி செய்து மெட்டுகுடாவில் ஓர் ஒற்றையறைக்குப் போனோம். அத்தை டில்லிக்கு ரயிலேறினார். இத்தனையும் அந்தச் சொம்புக்குள் இருந்தது என்று அந்த மாலை எனக்கு எப்படித் தெரியும்? அத்தைக்குத் தாகம் என்றே நினைத்தேன்.

“குடிங்க அத்தை” என்று சொம்பை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் குடிக்கவில்லை. தூரிகையை அதில் முக்கினார்.