கெட்டிமேளத்துக்கு ஒரு ஹெட்ஃபோன்

மகளின் கல்யாணம் மேட மாதத்தில், நம் சித்திரையில், என்று முடிவானதும், சமையலுக்கு ஆள் பேசுவதற்கு முன்பே நான் செய்த காரியம், இரண்டு ஹெட்ஃபோன்களைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஒப்பிட ஆரம்பித்தது. இரண்டும் வயர் இல்லாதவை, வெளிச்சத்தத்தை அடக்குபவை, விலை கூடியவை. ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல். என் மகனுக்கு எது சரிப்படும் என்று மீன மாதம், அதாவது பங்குனி, முடிவதற்குள் தெரியவேண்டியிருந்தது.

மகன் மூத்தவன், முப்பதை நெருங்குகிறான். ஆட்டிசம் உள்ளவன். பேச்சு குறைவு, பேசும் சில சொற்களும் அவன் படித்த சிறப்புப் பள்ளியின் மலையாளம். திடீர்ச் சத்தம் அவனுக்கு ஆகாது. தவில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். சில சமயம் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். ஆகவே உறவில் எந்தக் கல்யாணத்துக்கும் நாங்கள் பாதிக் குடும்பமாகத்தான் போயிருக்கிறோம். ஒருவர் போனால் ஒருவர் அவனோடு வீட்டில்.

இந்தக் கல்யாணத்தில் அது முடியாது. நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து ஒரு தலைமுறை ஆனாலும் எங்கள் வீட்டில் விடாத வழக்கம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன்தான் மூக்குவைத்த கிண்டிச் செம்பில் நீர் எடுத்து அவர் காலைக் கழுவி உள்ளே அழைத்து வரவேண்டும். மேளக்காரர்கள் அப்போது பக்கத்திலேயே நின்று வாசிப்பார்கள்.

"தம்பி மகன் கழுவட்டுமே. அவனும் சகோதரன்தானே," என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணன் கழுவினாத்தான் அவரு உள்ள வருவாரு," என்றாள் மகள். "இல்லேன்னா வாசல்லயே நிக்கட்டும்."

மேளமே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று என் மனைவி மாப்பிள்ளையின் தாய்மாமாவிடம் போனில் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "மேளம் இல்லாமலா? அப்ப ரிஜிஸ்டர் ஆபீஸுக்கே போயிருவோம். நான் இந்த வயசுல பட்டுவேட்டி உடுத்துக் கஷ்டப்பட வேண்டாம் பாருங்க."

கறுப்பு, கழக்கூட்டம் ஐ.டி. வளாகத்தில் மகள் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்வது. சாம்பலை உடன் வேலை பார்க்கும் தோழியிடம் இரவல் வாங்கி வந்திருந்தாள். "ரெண்டையும் நல்லா செக் பண்ணணும் அப்பா, கேட்டோ? சும்மா ரிவ்யூ படிச்சுட்டுச் சொல்லப்பிடாது."

முதலில் நானே மாட்டிப் பார்த்தேன். எங்கள் பால்கனிக்குக் கீழே நெடுஞ்சாலை. கறுப்பை மாட்டியதும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் அடியோடு நின்றது. வண்டிகள் தண்ணீருக்குள் போவதுபோல் போயின. எடையும் தெரியவில்லை, காதோரம் பஞ்சுபோல் உட்கார்ந்தது. சாம்பலோ உலோகப் பட்டையும் தடித்த மெத்தையுமாகத் தலையை இறுக்கியது. அதையும் மீறி இரைச்சலில் கொஞ்சம் மிச்சம் கேட்டது. கறுப்புதான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

மீனத்தில் பக்கத்துக் கோயிலில் உற்சவம். காலைச் சீவேலி ஊர்வலத்தின்போது மகனுக்குக் கறுப்பை மாட்டிக் குளத்தின் மறுகரையில் நிறுத்தினேன். தவிலின் முதல் அடி விழுந்ததும் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படியில் சுருண்டுவிட்டான்.

அவன் அடங்கிய பிறகு, காரணம் புரிய வேண்டும் என்று அதை நானே மாட்டிக்கொண்டேன். ஜெனரேட்டரின் உறுமல் இல்லை. கூட்டத்தின் சலசலப்பு இல்லை. அந்த வெறுமைக்குள் தவிலின் ஒவ்வொரு அடியும் தனியாக வந்து விழுந்தது. பிறகு தேடிப் படித்தேன். ஒரே சீராக வரும் ஓசைக்கு எதிர் அலை அனுப்பி அழிப்பதில்தான் இந்தக் கருவிகள் கெட்டி. சட்டென்று விழும் அடிக்கு அந்த வித்தை அவ்வளவாக எடுபடாது. அங்கே மெத்தையின் தடிப்பும் பிடியின் இறுக்கமுமே காப்பு. என் சோதனைக்கு நான் லாரியைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

மறுநாள் காலை சாம்பல். அவன் முகம் சுளித்தான், நின்ற இடத்தில் ஆடினான். ஆனால் நின்றான். காது வியர்த்ததும் தானே கழற்றிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் பயிற்சி. நான் சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டுவேன். மனைவி தாம்பாளத்தைத் தட்டுவாள். விரல் எழுந்தால் சத்தம் வரும் என்பது சில நாளில் அவனுக்குப் பிடிபட்டது. விரலைப் பார்த்ததுமே "சப்தம்" என்று சொல்லி, இரு உள்ளங்கைகளாலும் சாம்பலைக் காதோடு அழுத்திக்கொள்வான்.

கல்யாணத்தன்று சாம்பலை மாட்டியிருந்த மகன் கிண்டியை ஒரேயடியாகச் சாய்த்ததில், மாப்பிள்ளையின் வேட்டி முழங்கால்வரை நனைந்தது. "ஒழிக்கும் மச்சான், நல்லா ஊத்தும். காலையில சரியாக் குளிக்கல்ல," என்றார் மாப்பிள்ளை. மகனுக்குக் கேட்டிருக்காது. பாதத்தையே பார்த்துக்கொண்டு, விரல் விரலாகத் துவட்டிவிட்டான்.

அதோடு என் மைத்துனர் அவனைக் காருக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அவன் போகவில்லை. மாப்பிள்ளையின் பின்னாலேயே நடந்து மணவறைக்கு வந்து, தங்கையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான். இழுத்துப் போக எனக்கு மனம் வரவில்லை, நேரமும் இல்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமா மேளக்காரர்களைப் பார்த்து விரலை உயர்த்தி ஆட்டினார்.

மகன் அதைப் பார்த்தான். இரண்டு கைகளும் சாம்பலின்மேல் போயின. கெட்டிமேளம் எழுந்தது. அவன் வாய் அகலத் திறந்தது, கழுத்து நரம்புகள் புடைத்தன. அலறுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றும் கேட்கவில்லை. தாலி ஏறும் நேரத்தில் வேறெந்த ஓசையும் யார் காதிலும் விழக்கூடாது என்பதற்குத்தான் அந்த மேளம். அவன் குரலையும் அது மூடிக்கொண்டது.

தாலிக்குக் குனிந்திருந்த மகள் ஒரு கையைப் பின்னால் நீட்டி அவன் வேட்டி முனையைப் பிடித்திருந்தாள். அவன் உட்காரவில்லை, ஓடவில்லை.

மேளம் ஓய்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. நான் தோளைத் தொட்டு, சாம்பலை மெல்லக் கழற்றினேன். காதுகள் சிவந்திருந்தன.

"கழிஞ்ஞோ?" என்று கேட்டான்.

"கழிஞ்ஞு, அண்ணா. எல்லாம் முடிஞ்சு," என்றாள் மகள், வேட்டி முனையை இன்னும் விடாமல்.